தண்டவாளம் உடைஞ்சது ஒரு ராத்திரி, ஜெனிவா கை தூக்குனது 17 மாசம் கழிச்சு: மஞ்சூரியா 1931, ஒரு நிகழ்வு ஆய்வு

பள்ளிக்கூட புக்குல இது ரெண்டே வரி. ஜப்பான் சீனாவோட வடகிழக்குல இருக்குற மஞ்சூரியாவ பிடிச்சது, ஜெனிவாவுல இருந்த பன்னாட்டுச் சங்கம் (லீக் ஆஃப் நேஷன்ஸ்) கண்டிச்சது, ஜப்பான் சங்கத்த விட்டு வெளிய போச்சு. அத படிச்சா சங்கத்துல இருந்தவங்களுக்கு ஒண்ணும் புரியல, இல்ல தைரியம் இல்லன்னுதான் தோணும். தேதி வாரியா உக்காந்து பாத்தா கதை வேற மாதிரி இருக்கு. அவங்களுக்கு உண்மை தெரியும், தெரிஞ்சத தெளிவா எழுதியும் வச்சாங்க. கோட்டை விட்டது நேரத்த. எந்த வாரத்துல என்ன பண்ணிருந்தா ஏதாவது நடந்திருக்கும்னு பாக்கத்தான் இத எழுதுறேன். அடிமட்ட ஆளுங்க பேர விட்டுட்டேன், முடிவு எடுத்தவங்க பேர மட்டும் வச்சிருக்கேன்.

பின்னணி

1904-05ல ரஷ்யாவ ஜெயிச்ச ஜப்பானுக்கு போர்ட்ஸ்மவுத் ஒப்பந்தத்துல கிடைச்சது தெற்கு மஞ்சூரியா ரயில்வே. மண்ணு சீனாவோடது, ஆனா லைனும் லைன் ஓரத்துல இருக்குற பட்டையும் ஜப்பான் கையில. அந்த லைனுக்கு காவல்னு வச்ச படைதான் குவாண்டங் படை, 1931ல சுமார் 10,000 பேர். ரயில் கம்பெனின்னா வெறும் ரயில் இல்ல, சுரங்கம், துறைமுகம், ஓட்டல், ஸ்கூல் எல்லாம் அதுக்குள்ள, நம்மூர்ல கிழக்கிந்திய கம்பெனி நடத்துன மாதிரி ஒரு தனி ராஜ்ஜியம்.

இதுக்கு முன்னாடி நடந்த ஒரு விஷயத்த பலரும் ஓரமா தள்ளிடுவாங்க, எனக்கு அதுதான் முக்கியம்னு படுது. 1928 ஜூன் 4ம் தேதி மஞ்சூரியாவ ஆண்ட ஜாங் ஸோலின் வந்த ரயில முக்டன் (இப்ப ஷென்யாங்) பக்கத்துல குண்டு வச்சு தகர்த்தாங்க, ஆளும் செத்துட்டாரு. பண்ணது குவாண்டங் படையோட கர்னல் ஒருத்தர். டோக்கியோவுக்கு அது தெரிஞ்சு போச்சு, ஆனா ராணுவ கோர்ட்டுல அவர நிறுத்தல. பதவிய விட்டு எடுத்து ரிசர்வுல போட்டதோட சரி. இந்த விவகாரத்துல ஆட்சிய இழந்தது பிரதமர் தனகாதான், குண்டு வச்சவருக்கு ஒண்ணும் ஆகல. அடுத்து அந்த பதவிகளுக்கு வந்த கர்னல் இதாகாகியும் லெப்டினன்ட் கர்னல் இஷிவாராவும் இதுல இருந்து என்ன கத்துக்கிட்டிருப்பாங்கன்னு தனியா சொல்லணுமா?

1931ல எல்லார் வீட்டுலயும் தீ. சீனாவுல யாங்சி வெள்ளம் லட்சக்கணக்கான பேர அடிச்சிட்டு போச்சு, ஆட்சித் தலைவர் சியாங் கை ஷேக் கம்யூனிஸ்டுங்களோட சண்டையில இருந்தாரு. ஜெர்மனியில ஜூலையில பேங்கெல்லாம் மூடுனாங்க. பிரிட்டன்ல சம்பளத்த வெட்டுனதுக்கு செப்டம்பர் நடுவுல கடற்படையே வேலை செய்ய மாட்டோம்னு நின்னுச்சு. இப்படிப்பட்ட வருஷத்துலதான் செப்டம்பர் 10ம் தேதி பிரிட்டனோட ராபர்ட் செசில் ஜெனிவா சபையில எந்திரிச்சு, இப்ப மாதிரி போர் வர வாய்ப்பு கம்மியா இருந்த காலம் சரித்திரத்துலயே அபூர்வம்ங்குற அர்த்தத்துல பேசுனாரு. சரியா எட்டு நாள் கழிச்சு குண்டு வெடிச்சது.

செப்டம்பர் 18, ராத்திரி

முக்டனுக்கு வடக்க லியூதியாவோஹு. ராத்திரி பத்தே கால் பத்தரைக்குள்ள ஜப்பானிய லெப்டினன்ட் ஒருத்தர் அவங்க சொந்த தண்டவாளத்துலயே குண்டு வச்சாரு. சேதம் ரொம்ப சின்னது, ஜப்பான் தரப்பு சொன்ன கணக்குப்படியே ஒரு மீட்டர் கூட உடையல. இதுல ஒரு கூத்து என்னன்னா, கொஞ்ச நேரத்துல சாங்சுன்ல இருந்து வந்த ரயில் அதே எடத்த தாண்டி டைமுக்கு முக்டன் போய் சேந்துச்சு. பின்னாடி சங்கம் அனுப்புன விசாரணை கமிஷன் ரிப்போர்ட்ல இத அப்படியே எழுதிட்டாங்க. ரயில் லேட்டாகாத அளவுக்கு ஒரு குண்டுவெடிப்பு, அதுக்கு பதிலடின்னு ஒரு ஊரையே பிடிச்சாங்க.

பக்கத்துல இருந்த சீன ராணுவ முகாம்ல சுமார் 7,000 பேர், அடிக்கப்போன ஜப்பானியர் சில நூறு பேர்தான். ஜாங் ஸோலினோட மகன் ஜாங் ஷுவேலியாங் பீப்பிங்ல (இன்னைக்கு பீஜிங்) இருந்தாரு, எதிர்த்து சுட வேணாம்னு அவரு முன்னமே போட்ட உத்தரவு. முக்டனுக்குள்ள ஜப்பானியர் ரெண்டு பெரிய பீரங்கிய முன்கூட்டியே ரகசியமா நிறுத்தி வச்சிருந்தாங்க, அதுவும் சுட்டுச்சு. விடியறதுக்குள்ள முக்டன் அவங்க கையில.

அன்னைக்கு ராத்திரி அந்த ஊர்லயே இத தடுக்க ரெண்டு வாய்ப்பு இருந்துச்சு. மொதல்ல டோக்கியோ அனுப்புன மேஜர் ஜெனரல் ததேகாவா. படைய அடக்கி வைக்கச் சொல்லி ராணுவ அமைச்சர் குடுத்த கடிதத்தோட அதே நாள் சாயங்காலம் வந்து எறங்குனாரு. வந்தவர இதாகாகி ஒரு ஓட்டலுக்கு கூட்டிட்டு போய் சாக்கே (ஜப்பான் அரிசி மது) ஊத்தி உபசாரம் பண்ணாரு, கடிதம் பையிலயே தூங்குச்சு, அவரும் தூங்கிட்டாரு. (அவருக்கும் உள்ளூர இதுல சம்மதம்தான்னு தெரியுது, அதனால பாவம்னு சொல்ல மனசு வரல.)

ரெண்டாவது ஆள், ஜப்பானோட தூதரக அதிகாரி ஒருத்தர். சத்தம் கேட்டதும் படை ஆபீஸுக்கு ஓடிப்போய், இத பேசியே தீத்துக்கலாம், சுடுறத நிறுத்துங்கன்னு வாதாடுனாரு. இதாகாகி கத்துனாரு. பக்கத்துல நின்ன மேஜர் வாளையே உருவி, படை நடத்துற உரிமையில தலையிட்டா வெட்டிடுவேன்னாரு. சொந்த நாட்டு அதிகாரிக்கே அந்த கதி.

மறுநாள் முக்டன் ஜப்பான் தூதரகம் டோக்கியோவுக்கு டெலிகிராம் அடிச்சிருச்சு, இது படையே திட்டம் போட்டு பண்ண வேலை மாதிரி தெரியுது, லைன ரிப்பேர் பண்ண போன ரயில்வே ஆளுங்கள கூட கிட்ட விடலன்னு. ஆக 19ம் தேதியே டோக்கியோவுக்கு விஷயம் தெரியும். பின்னால வர எல்லாத்தையும் இத மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

முதல் மூணு வாரம்

செப்டம்பர் 21ம் தேதி சீனா சங்கத்துக்கிட்ட முறையிட்டுச்சு. அதே நாள்தான் பிரிட்டன் பவுண்டுக்கு ஈடா தங்கம் குடுக்குற முறையையே கைவிட்டுச்சு, லண்டன்ல அன்னைக்கு மஞ்சூரியா எங்க இருக்குன்னு யார் கேப்பா. அதே நாள் கொரியாவுல இருந்த ஜப்பான் படை, பேரரசர் உத்தரவு இல்லாமலே யாலு ஆத்த தாண்டி மஞ்சூரியாவுக்குள்ள வந்துச்சு. ஜப்பான் சட்டப்படியே அது பெரிய குத்தம். மறுநாள் மந்திரிசபை அதுக்கு செலவுப்பணம் ஒதுக்கிருச்சு. 1928 கதைதான் மறுபடியும்.

சீனா எடுத்தது சங்க சாசனத்தோட 11வது பிரிவு. சமாதானமா பேசி தீக்குற பிரிவு அது, அவசரத்துக்கு கூட்டம் கூட்டலாம், ஆனா முடிவுக்கு எல்லாரும் ஒத்துக்கணும், சண்டையில இருக்குற நாடும் சேத்து. திருடனும் கையெழுத்து போட்டாத்தான் கேஸ் நிக்கும்ங்குற மாதிரி. 15வது பிரிவுல சண்டைக்காரங்க ஓட்டு கணக்குல வராது, ஆனா சீனா அதுக்கு போனது 1932 ஜனவரி 29ம் தேதிதான். ஏன் லேட்டுன்னா, ஜப்பானும் கூட உக்காந்து ஒத்துக்கிட்டு பின்வாங்கட்டும்னு எல்லாருக்கும் ஒரு ஆசை இருந்துச்சு.

இப்ப என் கணக்குல இந்த கேஸோட திருப்பம். செப்டம்பர் 22, 23 தேதிகள்ல சங்கத்தோட கவுன்சில்ல ஒரு யோசனை வந்துச்சு, உடனே அந்த எடத்துக்கு ஆள் அனுப்பி பாக்கலாம்னு. ஜப்பான் வேணாம்னுச்சு. சங்கத்துல இல்லாத அமெரிக்காவோட வெளியுறவு மந்திரி ஸ்டிம்ஸனும், வேணாம், ஜப்பான்ல தேசவெறி ஏறிடும், வெளியுறவு மந்திரி ஷிதேஹராவுக்கு நேரம் குடுப்போம், அவரு படைய கட்டுப்படுத்திடுவாருன்னாரு. யோசனை அதோட செத்துச்சு.

அந்த முடிவ முட்டாள்தனம்னு நான் சொல்ல மாட்டேன். ஷிதேஹரா நிஜமாவே சமாதான ஆளு, மந்திரிசபையும் படைய விரிக்க வேணாம்னுதான் சொல்லிட்டு இருந்துச்சு. வெளிய இருந்து அடிச்சா உள்ள இருக்குற நல்லவன் கைதான் பலவீனமாகும்ங்குற நினைப்பு, நம்ம வீட்டு பஞ்சாயத்துல கூட இப்படித்தான் யோசிப்போம். கணக்கு எங்க தப்புச்சுன்னா, ஷிதேஹரா சொன்னா கேக்குற எடத்துல படை இருக்குன்னு நம்புனதுல. 19ம் தேதி டெலிகிராம ஜெனிவா பாக்கல, ஆனா முக்டன்ல ஒரு நடுநிலை ஆள் இருந்திருந்தா ஒரு வாரத்துல அதேதான் எழுதிருப்பாரு. கண்ண கட்டிக்கிட்டு காத்திருக்குறதும் கண்ண திறந்து வச்சு காத்திருக்குறதும் ஒண்ணா?

செப்டம்பர் 30ம் தேதி ஏகமனதா தீர்மானம், ஜப்பானும் சேந்துதான். எங்க மக்களோட பாதுகாப்பு உறுதியாக ஆக, படைய ரயில் பட்டைக்குள்ள எவ்ளோ சீக்கிரம் முடியுமோ எடுத்துக்குறோம்னு ஜப்பான் சொன்னத குறிச்சுக்கிட்டாங்க. பாதுகாப்பு உறுதியாயிருச்சா இல்லையான்னு யார் சொல்றது? அங்க நிக்குற படைதான்.

அக்டோபர் 8ம் தேதி ஜின்ஜோ ஊர் மேல விமானத்துல குண்டு போட்டாங்க, அந்த விமானங்கள்ல ஒண்ணுல இஷிவாராவே ஏறி போனாரு. ஜெனிவாவுக்கு கேக்கட்டும்னே போட்ட குண்டு மாதிரி இருக்கு.

13க்கு 1

குண்டுக்கு அப்புறம் கவுன்சில் 13ம் தேதி கூடுச்சு, பிரான்ஸோட பிரியான் தலைமை. அமெரிக்க ஆளையும் கூப்ட்டு மேஜையில உக்கார வச்சாங்க, போரே வேணாம்னு 1928ல போட்ட பாரிஸ் ஒப்பந்தம் பத்தி மட்டும் பேசலாம்ங்குற நிபந்தனையோட. அக்டோபர் 24ம் தேதி தீர்மானம் வந்துச்சு, நவம்பர் 16க்குள்ள படை வெளிய போகணும். 13 பேர் ஆதரவு, ஜப்பான் மட்டும் எதிர்ப்பு. 11வது பிரிவுப்படி அந்த ஒரு ஓட்டே போதும், சட்டப்படி தீர்மானம் செல்லாது.

இந்த கெடு வச்சது ரெண்டாவது தப்புன்னு நான் நினைக்குறேன். பின்னாடி செய்யறதுக்கு ஒண்ணும் இல்லாதப்ப தேதி குறிக்கக் கூடாது. நவம்பர் 16 வந்துச்சு, போச்சு, 19ம் தேதி ஜப்பான் படை இன்னும் வடக்க போய் சிச்சிஹார பிடிச்சிருச்சு. கெடு தாண்டுனா என்ன ஆகும்னு டோக்கியோவுல யோசிச்சிட்டு இருந்தவங்களுக்கு பதில் கிடைச்சிருச்சு.

டிசம்பர் 10ம் தேதி பாரிஸ்ல விசாரணை கமிஷன் போட முடிவாச்சு. இந்த தடவ கமிஷன் கேட்டதே ஜப்பான்தான்! செப்டம்பர்ல வேணாம்னவங்களுக்கு டிசம்பர்ல வேணும், ஏன்னா இப்ப அது நேரம் வாங்கி குடுக்கும். கூடவே கொள்ளைக்காரங்கள அடக்குற உரிமை எங்களுக்கு உண்டுன்னும் சொல்லி வச்சுக்கிட்டாங்க. ஷிதேஹரா இருந்த மந்திரிசபை அதே மாசம் கவுந்துச்சு. யாருக்காக காத்திருந்தாங்களோ அவரே போயிட்டாரு. 1932 ஜனவரி 3ம் தேதி ஜின்ஜோவும் விழுந்துச்சு. 7ம் தேதி ஸ்டிம்ஸன், பலவந்தமா வந்த எந்த மாற்றத்தையும் அங்கீகரிக்க மாட்டோம்னு அறிவிச்சாரு.

கமிஷன் பயணம்

தலைவர் லிட்டன் பிரபு, பிரிட்டன். 1922ல இருந்து 27 வர வங்காள கவர்னர். 1924ல சுபாஷ் போஸ விசாரணை இல்லாம உள்ள வச்சது அவரு ஆட்சியிலதான். ஜெர்மன் உறுப்பினர் ஷ்னே, ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவோட கடைசி கவர்னர். அமெரிக்க ஜெனரல் மெக்காய் பிலிப்பைன்ஸ்ல இருந்தவரு. ஒரு பிரெஞ்சு ஜெனரல், ஒரு இத்தாலி பிரபு. அடுத்தவன் மண்ண ஆண்ட அனுபவம் நிறைஞ்ச ஒரு குழு, ஜப்பான் அடுத்தவன் மண்ண பிடிச்சது சரியான்னு பாக்கப் போச்சு. எங்களுக்கு மட்டும் ஏன் இந்த கேள்வின்னு ஜப்பான் கேட்டதுல நியாயம் இல்லன்னு சொல்ல முடியாது, அது பதில் இல்லங்குறது வேற விஷயம்.

சைபீரியா ரயில் பிடிச்சிருந்தா ரெண்டு வாரத்துல வந்திருக்கலாம். அவங்க பிப்ரவரி 3ம் தேதி கப்பல் ஏறி, அமெரிக்கா சுத்தி, பிப்ரவரி 29ம் தேதி டோக்கியோ வந்தாங்க. மறுநாள் மார்ச் 1, மஞ்சுகுவோன்னு புது நாடு அறிவிச்சாச்சு, சீனாவோட கடைசி சக்கரவர்த்தி பூயிய கூட்டிட்டு வந்து தலைவரா வச்சாச்சு. கமிஷன் முக்டன் வந்து சேந்தது ஏப்ரல் 21. குண்டு வெடிச்சு ஏழு மாசம்.

அங்க ஊர் முழுக்க கண்காணிப்பு. கமிஷனோட போன சீனப் பிரதிநிதி வெலிங்டன் கூவ உள்ள விடவே புது அரசு தகராறு பண்ணுச்சு. யாராவது கமிஷன பாக்க வந்தா பின்னாடியே போலீஸ். அப்படி இருந்தும் விவசாயிங்க, சின்ன கடைக்காரங்க, மாணவருங்கன்னு சீன, ரஷ்ய மொழியில 1,550 கடிதம் வந்துச்சு. அதுல ரெண்டே ரெண்டு தவிர மத்தது எல்லாம் புது அரசுக்கு எதிரா. முக்டன்ல சில டாக்டர், பேராசிரியர், பேங்க் ஆளுங்க சேந்து ரகசியமா ஆதாரம் தொகுத்து, ஒரு நீலத் துணிப்பையில போட்டு, அது மேல இங்கிலீஷ்ல 'உண்மை'ன்னு நூலால தச்சு, வெளிநாட்டவர் மூலமா கமிஷன் கையில சேத்தாங்க. அந்த பைய ஜெனிவா நூலகத்துல இன்னும் வச்சிருக்காங்க. இந்த மொத்த கேஸ்லயும் உயிர பணயம் வச்சு சங்கத்த நம்புனவங்க இவங்கதான்.

நடுவுல ஷாங்காய். 1932 ஜனவரி 28ம் தேதி அங்கயும் சண்டை ஆரம்பிச்சது. ஆனா அங்க வெளிநாட்டு வியாபாரம், தூதரகம், போர்க்கப்பல் எல்லாமே இருந்துச்சு. அங்க இருந்த தூதர்களையே ஒரு குழுவாக்கி சில நாள்லயே சங்கத்துக்கு ரிப்போர்ட் போக ஆரம்பிச்சது, பிரிட்டிஷ் ஆளுங்க நடுவுல நின்னு பேசுனாங்க, மே 5ம் தேதி சண்டை நிறுத்தம் கையெழுத்தாச்சு. பணம் அவங்களோடதுங்குறதும் ஒரு காரணம்தான், மறுக்கல. ஆனா எடத்துலயே கண்ணு இருந்ததால என்ன நடந்துச்சுங்குறதுல இழுத்தடிக்க முடியல.

ரிப்போர்ட்டும் ஓட்டும்

1932 செப்டம்பர் 4ம் தேதி பீப்பிங்ல ரிப்போர்ட்ல கையெழுத்து, அக்டோபர் தொடக்கத்துல வெளியீடு. நடுவுல செப்டம்பர் 15ம் தேதி ஜப்பான் மஞ்சுகுவோவ முறைப்படி அங்கீகரிச்சிருச்சு, ரிப்போர்ட்ட படிக்காமலே பதில் சொன்ன மாதிரி.

ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு ராத்திரி நடந்தத நியாயமான தற்காப்பா எடுத்துக்க முடியாதுன்னு சொன்னாங்க, புது நாடு மக்களே கேட்டு வந்தது இல்லன்னும் சொன்னாங்க. ஜப்பானுக்கு அங்க நியாயமான குறைகளும் உரிமைகளும் உண்டுன்னும் ஒத்துக்கிட்டாங்க. பழைய நிலைக்கும் போக வேணாம், மஞ்சுகுவோவும் வேணாம், சீனாவோட ஆளுகையில தன்னாட்சி குடுங்கன்னு வழியும் சொன்னாங்க. ஒரு வருஷம் முன்னாடி வந்திருந்தா பேச ஒரு மேஜை இருந்திருக்கும். ஆனா அதுக்குள்ள ஜப்பான் பிரதமர் இனுகாயையே மே 15ம் தேதி கடற்படை இளம் அதிகாரிங்க சுட்டு கொன்னுட்டாங்க. டோக்கியோவுல எவன் துணிஞ்சு ஒத்துக்குவான்?

1933 பிப்ரவரி 24, ஜப்பான கண்டிச்சு சங்க சபையில ஓட்டு. ஆதரவு 42, எதிர்ப்பு 1 (ஜப்பான்), சயாம் (இப்ப தாய்லாந்து) நடுநிலை. ஜப்பான் பிரதிநிதி மட்சுவோகா தன் குழுவோட எந்திரிச்சு வெளிய நடந்தாரு. அந்த சமயத்துலயே ஜப்பான் படை ஜெஹோல் மாகாணத்துக்குள்ள போயிட்டு இருந்துச்சு. மார்ச் 27ம் தேதி விலகல் கடிதம். பிரிட்டன் பிப்ரவரி 27ம் தேதி ஆயுத விற்பனைக்கு தடை போட்டுச்சு, ஆனா சீனாவுக்கும் ஜப்பானுக்கும் சேத்து! அடி வாங்குனவனுக்கும் தடை, அடிச்சவன் தன் ஃபேக்டரியிலயே செஞ்சுக்குவான். ரெண்டு வாரத்துல அதையும் எடுத்துட்டாங்க.

திரும்ப பண்ணா என்ன மாத்தலாம்

பொருளாதாரத் தடை போட்டிருந்தா முடிஞ்சிருக்கும்னு நிறைய பேர் சொல்றாங்க, எனக்கு அவ்ளோ நம்பிக்கை இல்ல. ஜப்பானோட பட்டுத் துணிநூல வாங்குன பெரிய கஸ்டமர் அமெரிக்கா, சங்கத்துல இல்ல, அதிபர் ஹூவர் தடைக்கே எதிரி. சோவியத்தும் அப்ப வெளிய. பிரிட்டனோட சிங்கப்பூர் கடற்படை தளம் பாதி கட்டுமானத்துல நின்னுச்சு. சண்டை வந்தா எங்க இருந்து போடுவாங்க?

ஆனா காசே செலவில்லாத சில விஷயம் இருந்துச்சு. செப்டம்பர் கடைசி வாரத்துலயே முக்டன், பீப்பிங்ல இருந்த வெளிநாட்டு தூதரக ஆளுங்களையும் ராணுவ அதிகாரிங்களையும் ஒரு குழுவாக்கி அனுப்பிருக்கலாம், ஷாங்காய்ல நாலு மாசம் கழிச்சு பண்ணத அங்கயே பண்ணிருக்கலாம். தண்டவாளத்துல இருந்த ஓட்டையும், லேட்டாகாம வந்த ரயிலும் அக்டோபர் மொதல்லயே உலகத்துக்கு தெரிஞ்சிருக்கும், படை நாட்ட ஏமாத்துதுன்னு சொல்ல ஷிதேஹரா கையிலயும் ஒரு காயிதம் இருந்திருக்கும். அது போதுமாங்குறது தெரியாது, ஆனா அவரு பதவியில இருந்த அந்த மூணு மாசம் மட்டும்தான் அது செல்லுபடியாகுற காயிதம். 15வது பிரிவுக்கும் சீனா முதல் வாரத்துலயே போயிருக்கணும். நவம்பர் 16ன்னு கெடு வச்சிருக்கவே கூடாது. மஞ்சுகுவோ அங்கீகாரத்துக்கு அப்புறம் டோக்கியோவுல இருந்து தூதர்களையாவது ஒண்ணா திரும்ப கூப்ட்டிருக்கலாம், அத கூட யாரும் பண்ணல.

1928ல அந்த கர்னல கோர்ட்டுல நிறுத்திருந்தா? அது ஜெனிவா கையில இல்ல.

சம்பந்தப்பட்டவங்களுக்கு என்ன ஆச்சு

1937 ஜூலை 7ம் தேதி சீனாவோட முழுப்போர். 1941 கடைசியில அது மலாயாவுக்குள்ள நுழைஞ்சு, 1942ல சிங்கப்பூர் வர வந்து, தோட்டத்துல இருந்த நம்ம தமிழ் ஜனங்கள ஆயிரக்கணக்குல சயாம் மரண ரயில் போட அள்ளிட்டு போச்சு, அது வேற பெரிய கதை. இஷிவாராவ டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில குற்றவாளியா சேக்கவே இல்ல, 1949ல நோயில செத்தாரு. 1931ல குவாண்டங் படைத் தலைவரா இருந்த ஹோன்ஜோ, 1945 நவம்பர்ல தற்கொலை பண்ணிக்கிட்டாரு.

இதாகாகி ஜெனரலாகி, ராணுவ அமைச்சராகி, கடைசியா சிங்கப்பூருக்கு வந்தாரு. 1945 செப்டம்பர் 12ம் தேதி, பாடாங் மைதானத்துக்கு எதிர்ல இருந்த அன்னைய முனிசிபல் கட்டடத்துல மவுண்ட்பேட்டன் முன்னாடி சரணாகதி பத்திரத்துல கையெழுத்து போட்டது அவருதான், மேலதிகாரிக்கு உடம்பு முடியாததால அவருக்கு பதிலா. மூணு வருஷம் கழிச்சு, 1948 டிசம்பர் 23ம் தேதி சுகாமோ சிறையில தூக்கு. முக்டன் ராத்திரிக்கும் சிங்கப்பூர் கையெழுத்துக்கும் நடுவுல 14 வருஷத்துக்கு ஆறு நாள் கம்மி.